தாமோதர் சார் மூன்று முறை படித்த புத்தகம்

சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த காலம் அது. தாமோதர் சாரின் ஷெட்டில் பிட்டராக இருந்தார் ஏகாம்பரம். சாரின் ரேஸ் கார் நேர்பாதையில் சிட்டாய்ப் பறக்கும். வளைவு வந்தால் பம்பரமாய்ச் சுழன்றுவிடும்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் சுத்துச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல," என்றார் சார், நண்பர்களை வைத்துக்கொண்டு.

ரேஸ் கார் கட்டும் வித்தையைச் சொல்லும் புத்தகத்தை மூர் மார்க்கெட்டில் கடை கடையாகத் தேடியிருந்தார் ஏகாம்பரம். கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று, சீமையிலிருந்து வந்து சாரின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

"அந்தப் புத்தகத்தை ரெண்டு நாள் குடுங்க சார்."

"மூணு தடவை படிச்சிட்டேன். நமக்கு உதவுற மாதிரி ஒண்ணுமில்ல. நீயே பாரு!"

ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அச்சகத்தில் மடித்த தாள்களின் ஓரம் வெட்டப்படாமல், பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன.

"சார், ஒரு கத்தி கிடைக்குமா?"

"எதுக்கு?"

"நீங்க பிரிக்காமலே மூணு தடவை படிச்சிட்டீங்க. எனக்கு அந்த வித்தை தெரியாது சார், வெட்டித்தான் படிக்கணும்."

நண்பர்கள் சிரித்த சிரிப்பில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. முகம் சிவந்த சாரும் கடைசியில் சிரித்துவிட்டு, கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த மனைவி கனகம் அகராதியோடு வாசிக்க, ஏகாம்பரம் படங்களைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பின்சக்கரங்களின் சாய்வை இரண்டு நூல் அளவு, அதாவது கால் அங்குலம், மாற்றினார். ஞாயிறன்று கார் வளைவை ஒட்டியே திரும்பியது. சார் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

சோழவரத்தில் பந்தயம் நின்று எத்தனையோ வருடமாயிற்று. கனகத்தின் பீரோவில் புத்தகம் இன்னும் இருக்கிறது. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஏகாம்பரத்தின் கிரீஸ் படிந்த விரல் ரேகை; பக்கத்திலேயே பென்சிலில் அவள் எழுதிய தமிழ் அர்த்தம்.