மலைக்குப் போகாத குடம்

மலையடிவாரத்து மடத்தில் தாணுமூர்த்தி என்றொரு சீடர் இருந்தார். மடத்தின் தலைவி பூங்கோதை அம்மை அவரைவிட இளையவர். குருவானாலும் சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மலைமேல் இருக்கும் முருகனுக்கு அபிஷேகத் தண்ணீர் கீழ்க்கிணற்றிலிருந்து போக வேண்டும். பல வருஷம் அதைத் தோளில் சுமந்தவர் தாணுமூர்த்தி. பிறகு அவருக்கு இதயம் பலவீனப்பட்டது. உடம்பு பெருத்து, கால் வீங்கி, நாலு படிக்கே மூச்சு வாங்கியது. குடம் வேறொருவர் தோளுக்குப் போயிற்று. ஆனாலும் காலையில் அபிஷேக மணி கேட்டால் அவருடைய வலது தோள் தானாகச் சற்றுத் தாழும்.

எடை குறைந்தால் இதயத்துக்கு லேசாக இருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பத்தியத்தில் தொப்பை கரைந்தது. மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் மலைதான் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். அப்புறம் மத்தியானச் சோற்றில் பாதி. அதுதான் குறைந்துவிட்டதே என்று டாக்டரையும் விட்டார்.

காற்றடித்தால் அண்ணாச்சி படி மிதிக்காமலே மேலே போய்விடுவார் என்றாள் சமையல்கார இசக்கியம்மாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் விடிந்ததும், இன்றைக்கு மட்டும் குடத்தைத் தன்னிடம் தரும்படி அம்மையிடம் கேட்டார். அம்மை அவருடைய தோளெலும்பைப் பார்த்தார். மறுக்கவில்லை. கிணற்றடியில் நிறைகுடத்தைக் காட்டினார்.

தாணுமூர்த்தி குனிந்தார். குடம் முழங்கால் வரை வந்தது. மறுபடி முயன்றார். தொடை நடுங்கியது. குடத்தை வைத்துவிட்டு அதன் வாயைப் பிடித்தபடியே நின்றார்.

"குண்டா இருந்தப்போ தூக்க முடிஞ்சுது, ஏற முடியல. இப்போ தூக்கவே முடியலியே அம்மா. இன்னும் எவ்வளவு குறைக்கணும்?"

அம்மை குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுபோய் அடுப்பில் வைத்து, அரிசியும் பாசிப்பருப்பும் போட்டார். கஞ்சியை ஆற்றி அவர் முன்னால் வைத்தார். குடித்ததும் டாக்டரிடம் போகலாம், தானும் கூட வருவதாகச் சொன்னார்.

தாணுமூர்த்தி தொடவில்லை.

"இது சாமிக்கு மொண்ட தண்ணில்லா?"

"பாரத்தைத்தான இறக்கச் சொன்னாரு டாக்டர்? நீங்க அதைச் சுமக்கிற ஆளையும் சேர்த்துல்லா இறக்கி வச்சிட்டீங்க, அண்ணாச்சி. குடிங்க."