சட்டை குடியிருந்த பொந்துகள்

ஏரிக்கரை மருதமரத்தில் ஆறு பொந்துகள். ஐந்தைச் சாரைப்பாம்பு வளைத்துப் போட்டிருந்தது. ஆறாவதில் ஒரு மைனா முட்டையிட்டிருந்தது.

பனிக்காலம் வந்தால் வடக்கேயிருந்து வாத்துகள் ஏரியைச் சுற்றிப் பார்க்க வரும். ராத்திரிக்கு ஒரு மீன் என்று பாம்பு அதுகளுக்குப் பொந்தை வாடகைக்கு விடும். அதற்காகவே, அங்கே குடியிருந்த கிளிகளையும் அணில்களையும் சீறிச் சீறி விரட்டிவிட்டது. பாவம், அதுகள் பனியில் வெறுங்கிளையில் கிடந்தன. யார் கேட்பது?

மைனா கேட்டது. நேரே பஞ்சாயத்துத் தலைவர் ஆமையிடம் போனது.

"அணில் குஞ்செல்லாம் குளிரில் நடுங்குது! விருந்தாளிக்கு மட்டும் பொந்து கிடைக்குது! நியாயமா தலைவரே?"

ஆமை யோசித்துச் சட்டம் போட்டது. "பொந்துக்காரர் பொந்திலேயே குடியிருக்கணும்! ஆள் இல்லாத பொந்து பறிமுதல்!"

முதுகிலேயே வீட்டைச் சுமந்து திரிகிற பிராணிக்கு, வெளியே போய் இரை தேடுகிறவர் கஷ்டம் எங்கே தெரியும்? மைனாவுக்கும் அப்போது உறைக்கவில்லை. சந்தோஷமாக றெக்கை தட்டிவிட்டு வந்தது.

சோதனை போட ஓணானை அனுப்பினார்கள். அது வரும் நாள் பாம்புக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்! தான் உரித்த சட்டை போதாமல் மச்சான்களிடமும் வாங்கி வந்து, பொந்துக்கு ஒன்றாகப் போட்டு வைத்தது.

ஓணான் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு வாத்து காலை நீட்டிப் படுத்திருந்தது.

"இது யாரு?"

"என் சொந்தக்காரர் ஐயா! ஊரிலிருந்து வந்திருக்கார்."

"நீ இங்கேதான் குடியிருக்கிறாயா?"

"என் சட்டை கிடக்குதே, தெரியலையா? சட்டையைக் கழற்றிப் போடுகிற இடம்தானே வீடு!"

ஓணான் தலையாட்டியது. ஐந்து பொந்துக்கும் தலையாட்டியது. சும்மாவே ஆடுகிற தலை. அன்றைக்குப் பாம்பு வைத்த பூச்சி விருந்து வேறு!

ஆறாவது பொந்தில் நாலு முட்டை மட்டும் இருந்தது. பசி தாங்காமல் மைனா புழு தேடப் போயிருந்தது.

"ஆள் இல்லை! பறிமுதல்!" என்றது ஓணான்.

"பொந்து சும்மா கிடக்கலாமா ஐயா? நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்றது பாம்பு. ஓணான் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனது.

மைனா திரும்பி வந்தபோது வாசலில் பாம்பு வயிறு புடைத்துக் கிடந்தது.

"அடப்பாவி, என் முட்டை எங்கேடா?"

"என்ன முட்டை? இது என் பொந்து!"

மைனா அலறிக்கொண்டு ஆமையிடம் பறந்தது. "என் நாலு பிள்ளையும் போச்சே, தலைவரே!"

"நீ கேட்ட சட்டம்தானே அம்மா?" என்று சொல்லிவிட்டு, ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

சட்டம் வந்தால் மட்டும் போதாது. அதைப் போடுகிறவரும் சோதனைக்கு வருகிறவரும் யார் என்று பார்க்காவிட்டால், அது கேட்டவர் குடியைத்தான் கெடுக்கும்.