அசையாமல் ஒரு பாட்டு

ஒரு ஊர் இருந்ததாம், அந்த ஊரில் ஒரு பாட்டுப்பள்ளி இருந்ததாம். அதை நடத்திய குஞ்சிதபாத பாகவதர் முன்னால் வடிவு என்ற பெண் பாட்டுக் கற்க வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முன்னும் பின்னும் ஆடினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மற்ற வாத்தியார்களெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு வாசல்.

"இதென்ன பாட்டுப்பள்ளியா, ஊஞ்சலா?" என்றார் பாகவதர். சீடர்கள் சிரித்தார்கள். "தலை, கை எதுவும் அசையாம ஒரு பாட்டுப் பாடு, சேர்த்துக்கறேன். அசைஞ்சா வந்த வழியே போ."

வடிவு எழுந்திருக்கவில்லை.

"அசையாம யாரும் பாடி நான் பார்த்ததில்லீங்க. ஐயா ஒருதரம் பாடிக் காட்டுங்க, அப்படியே பாடிடறேன்."

"இதென்ன பிரமாதம்!"

பாகவதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வரியிலேயே தலை ஆடியது. தலையை நிறுத்தினால் வலதுகை தொடையில் பளாரென்று தட்டியது. இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தார். தாளம் தப்பியது, பாட்டு பாதியில் நின்றது.

"கையைக் கட்டிப்போட்டா பாட்டு எப்படிடி வரும்?" என்று கத்தினார்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, ஆடிக்கொண்டே, முன்பே கேட்டு மனப்பாடமாயிருந்த அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாள். சுருதி இம்மி பிசகவில்லை.

"நாளைக்கு வா," என்றார் பாகவதர்.

"ஆடிக்கிட்டேதான் வருவேனுங்க. ஜால்ரா சத்தம் எனக்குத் தாங்காதுங்க, தட்டினா காதைப் பொத்திக்குவேன்."

"பொத்திக்கோ."

எல்லாரும் போனபின் பாகவதர் பள்ளியைப் பூட்டினார். பாதியில் விட்ட பாட்டை எடுத்து, தலையை ஆட்டி, கையை வீசிப் பாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.