கோமளக் கீரி வாங்கி வந்த பனி

மார்கழி பிறந்துவிட்டால் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துக் கிடக்கும் மலைக்காடு ஒன்று. அந்தக் காட்டில், பாறைக்கு அடியில் ஒரு பொந்தில், ஒரு கீரி குடியிருந்தாள். பெயர் கோமளம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள் குழந்தைகளே. மூக்கு நுனியில்தான் அவளுக்குக் கோபம்.

பேரத்தில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. குடியிருந்த பொந்தையே ஒரு முள்ளம்பன்றியிடம் வாய் ஓயாமல் பேசி வாங்கியதுதான். கடைசியில் முள்ளம்பன்றி, "தாயே, பொந்தை எடுத்துக்கோ, என் காதை விட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அவளுக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. தேளை வாயில் போட்டுத்தான் தேள் எது என்று தெரிந்துகொண்டாள். பருந்தின் நகம் முதுகில் பட்ட பிறகுதான் வானத்தைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டாள். 'நான் பட்டது போதும், என் பிள்ளை படக்கூடாது' என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

பிள்ளை என்றால் ஒரே பெண். பெயர் பொடிச்சி. இன்னும் பால்வாசம் போகாத குட்டி. ஆனால் வாய் மட்டும் மூடாது.

"அம்மா, புல்லு ஏன் நரைச்சுப் போச்சு?"

"அம்மா, நம்ம வாயிலேருந்து புகை வருதே, உள்ளே தீ எரியுதா?"

"அம்மா, வெயில் வந்ததும் இந்த வெள்ளையெல்லாம் எங்கே ஓடிப் போகுது?"

கோமளத்துக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வராது. "சும்மா இரு, அப்புறம் சொல்றேன்" என்று உறுமிவிடுவாள். குட்டியும் அம்மாவின் வாலைப் போர்த்திக்கொண்டு அடுத்த கேள்வியை யோசிக்கும்.

பொந்துக்கு மேலே இருந்த மரத்தில் ஒரு மலையணில் இருந்தாள். பெயர் சொர்ணம். பெருமை பேசாவிட்டால் அவளுக்குக் கொட்டை செரிக்காது.

"கோமளம் அக்கா, என் பையன் சிவப்பு எது, மஞ்சள் எதுன்னு பிரிச்சு வைக்கிறான். கொட்டையை எண்ணி அடுக்குறான். உங்க பொண்ணு என்ன பண்றா?"

"கேள்வி கேட்கிறா."

"அது எல்லாப் பிள்ளையும் கேட்கும் அக்கா. பதில் தெரிய வேண்டாமா? பனி முடிஞ்சா குட்டிங்க எல்லாம் வெளியே தனியாப் போகணும். ஒண்ணும் தெரியாத குட்டியைப் பருந்து விட்டு வைக்குமா?"

கோமளத்துக்குச் சுருக்கென்று தைத்தது. முதுகுத் தழும்பு அப்போதுதான் பட்டதுபோல எரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து நல்லமுத்து என்ற நரி தன் குகை வாசலில் கடை விரித்திருந்தான். அவன் பேச்சில் தேன் வழியும்.

"வாங்க கோமளம்மா, வாங்க. எல்லாம் பனிக்காலப் பாடச் சரக்கு. நிறம் படிக்கச் சிவப்புக் காய். எண்ணிப் படிக்க விதை. தொட்டுப் படிக்கப் பாசி, இறகு. உங்க பிள்ளை மாதிரி கெட்டிக்காரப் பிள்ளைக்குன்னே எடுத்து வச்சது."

"என் பிள்ளையை நீ எங்கே பார்த்தே? சரி, என்ன கேட்கிறே?"

"உங்ககிட்ட நான் என்ன கேட்கப் போறேன்? குகை இடுக்குல எல்லாம் விரியன் சுருண்டு கிடக்கு. நிம்மதியாத் தூங்க முடியலே. தினமும் விடியும்போது வந்து, சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் விரட்டிக் கொடுங்க. ஒரு காலைக்கு ஒரு சரக்கு."

"உச்சி வரைக்குமா? என்னைப் பார்த்தா இளிச்சவாயி மாதிரி இருக்கா? புல்லு வெளுத்துக் கிடக்கிற வரைக்கும்தான் வேலை செய்வேன். அதுக்கு ரெண்டு சரக்கு கொடுக்கணும். முடியாதுன்னா சொல்லு, நான் போறேன்."

நரி நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டான். "என் பிழைப்பே போச்சு. சரி, உங்களுக்காக."

கோமளம் வாலை நிமிர்த்திக்கொண்டு போனாள். நரியோ முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பாம்பு விறைத்துக் கிடப்பதே பனி உருகும் வரைக்கும்தான். வெயில் ஏறினால் அதுவே வெளியே ஊர்ந்து போய்விடும். அதற்கு மேல் கீரி அங்கே இருந்து அவனுக்கு என்ன லாபம்?

மறுநாள் விடியும்போதே கோமளம் கிளம்பினாள். குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது.

"அம்மா, எங்கே போறே? குளிருதே."

"உனக்குப் பாடம் வாங்கத்தான் போறேன். காய்ஞ்ச புல்லுக்குள்ளே படுத்துக்கோ. வெளியே தலை நீட்டினே, தோலை உரிச்சுடுவேன்."

வெயில் ஏறிய பிறகு வந்தாள். சிவப்புக் காயையும் பாசியையும் தரையில் பரப்பினாள். குட்டி முகர்ந்து பார்த்தது.

"அம்மா, இது நம்ம வாசல்லயே கிடக்கே."

"வாசல்ல கிடக்கிறது குப்பை. இது பாடம். என்ன நிறம், சொல்லு."

"நீ வர ஏன் இவ்வளவு நேரம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்படிச் சொல்லு. இது?"

"பச்சை."

கோமளத்துக்குத் தாங்க முடியாத பெருமை. மரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "பச்சைன்னு கரெக்டாச் சொல்லிட்டா" என்றாள். சொர்ணத்துக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

இப்படியே நாள் போயிற்று. காலையில் பனி விழுந்து புல் வெளுத்துக் கிடக்கும் நேரமெல்லாம் அம்மா நரிக் குகையில். குட்டி தனியாகப் பொந்துக்குள். பாடச் சரக்கு ஒரு மூலையில் குவிந்தது. குட்டியோ ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி குறைத்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நிறம் கேட்டால் நிறம் சொல்வாள். முடிந்ததும் புல்லுக்குள் சுருண்டுகொள்வாள்.

'படிப்பு ஏறுது, அதான் அடங்கிட்டா' என்று கோமளம் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சொர்ணம் கிளையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, உங்க வீட்டில் சத்தமே காணோம்? பொடிச்சிக்கு வாய் போயிடுச்சா?" என்றாள்.

"உன் வாயைப் பார்த்துக்கோடி" என்று சீறினாள் கோமளம். ஆனால் அடுத்த நிமிடமே நேரே நரியிடம் போனாள்.

"உன் சரக்கு சரியில்லே. பிள்ளை பேச்சையே நிறுத்திட்டா. நல்லதா வேற ஏதாவது வச்சிருக்கியா, இல்லே சண்டைக்கு வரியா?"

நரி குகைக்குள் போய், ஓர் இலையில் ஏந்தி ஒன்றைக் கொண்டுவந்தான். கண்ணாடி மாதிரி ஒரு பனிக்கட்டி. அதற்குள்ளே ஒரு மஞ்சள் பூ, பறித்த நேரத்தில் இருந்தபடியே மலர்ந்து நின்றது. கோமளமே வாயைப் பிளந்தாள்.

"இதைப் பார்த்தா ஊமையும் பேசும் கோமளம்மா. ஆனா பனிக்காலம் முடியிற வரைக்கும், வேற சரக்கு கேட்காம, எல்லாக் காலையும் நீங்க வேலைக்கு வரணும்."

"பாதி நாள் காலைதான் வருவேன்."

"சரி, பாதி. எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவு சீக்கிரம் நரி ஒத்துக்கொண்டபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூவைப் பார்த்த மயக்கத்தில் வரவில்லை.

பொந்தின் ஆழத்தில், கதகதப்பான இடமாகப் பார்த்து, குட்டி தூங்கும் புல்லுக்குப் பக்கத்தில் பனிக்கட்டியைப் பத்திரமாக வைத்தாள். குட்டிக்குக் கண் விரிந்தது. ஆனால் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. "நான் போய் இரை பிடிச்சுட்டு வந்துடறேன். தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள் கோமளம்.

திரும்பி வந்து பார்த்தால் பனிக்கட்டியைக் காணோம். ஈரமான புல்லின்மேல் ஒரு வாடிய பூ மட்டும் கிடந்தது.

"எங்கே அது? உடைச்சியா? தின்னியா?"

இல்லை என்று குட்டி தலையை ஆட்டியது.

"அப்போ யார் எடுத்தா? நான் பாம்போட மல்லுக்கட்டி வாங்கிட்டு வந்தது. உனக்கு ஒரு பொருளைக் காப்பாத்தத் தெரியுதா?"

குட்டி கண்ணை மூடிக்கொண்டது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கோமளம் அதைப் பார்க்கவில்லை. கோபத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் முதல் வேலையாக நரிக் குகை வாசலில் போய் நின்றாள்.

"என் பூவைத் திருடினது நீதானே?"

"நானா? கோமளம்மா, பனின்னா உருகத்தான் செய்யும். கதகதப்பிலே வச்சீங்களா? அது உங்க தப்பு. பேசின பேச்சுப்படி வேலையை ஆரம்பிங்க. அந்த இடுக்கிலே ஒண்ணு கிடக்கு."

உருகும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? அவள் வாழ்நாளில் பனியைப் பார்த்திருக்கிறாள், மிதித்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள். நின்று கவனித்ததில்லை. வெட்கமும் கோபமும் ஒன்றாக மேலே வர, நரியின் காதை நன்றாக ஒரு கடி கடித்தாள். திரும்பிப் பார்க்காமல் பொந்துக்கு ஓடினாள்.

பொந்தில் குட்டி இல்லை.

வாசலில் வெள்ளைப் புல்லின்மேல் சின்னச் சின்னக் கால்தடம். கீழே, ஓரமெல்லாம் உறைந்து கிடந்த ஓடையை நோக்கிப் போயிருந்தது. கோமளத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "பொடிச்சி, பொடிச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். வானத்தில் பருந்து இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

பாதி வழியில் குட்டி எதிரே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடியாக, தள்ளாடித் தள்ளாடி. வாயில் எதையோ கவ்வியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டது.

வாயில் இருந்தது ஒரு பனித்துண்டு. ஓடையோரத்தில் உடைத்தபோது எவ்வளவு பெரிதாக இருந்ததோ, இப்போது அம்மாவின் நகத்தளவுதான் மிச்சம். நெஞ்சு மயிரெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

கோமளம் அவளைப் பிடரியில் கவ்விப் பொந்துக்குக் கொண்டுவந்தாள். பாடச் சரக்கையெல்லாம் காலால் ஒதுக்கித் தள்ளினாள். குட்டியை வயிற்றோடு சேர்த்து, வாலால் மூடி, நக்கி நக்கித் துவட்டினாள். குட்டி அசையவில்லை.

"பொடிச்சி, அம்மாடா. எதுக்குடி வெளியே போனே?"

குட்டியின் காதோரம் குனிந்தாள்.

"கோபமா? இனிமே திட்ட மாட்டேன். நீ கேட்டியே, புல்லு ஏன் நரைச்சுப் போச்சுன்னு. இப்போ கேளேன். வாயிலேருந்து புகை ஏன் வருதுன்னு கேளு. எனக்கு எதுவும் தெரியாதுடா கண்ணு. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் உறுமினேன். ஒண்ணே ஒண்ணு கேளு. எதையாவது கேளு."

அந்தக் காட்டில் யாரிடமும் இறங்கிப் பேசாதவள், ஒரு குட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வெயில் மெல்லப் பொந்துவாசலுக்கு வந்தது. குட்டியின் மூக்கு ஒரு தடவை அசைந்தது. பிறகு ஒரு கண் திறந்தது.

"உனக்குத்தான் எடுத்துட்டு வந்தேன் அம்மா. நீ அழுவேன்னு நினைச்சேன்."

"சரிடா."

"வர வர அது சின்னதாயிட்டே வந்துச்சு. நான் கடிக்கவே இல்லே. ஏன் அம்மா?"

கோமளம் குட்டியின் நெற்றியை ஒரு தடவை நக்கினாள்.

"தெரியலையே. நாளைக்குக் காலையிலே ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போமா?"

மறுநாள் காலை பனி விழுந்த நேரத்தில் அம்மாவும் குட்டியும் பொந்துவாசலில் ஒரே வாலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் புல்லில் நகத்தால் கோடு இழுத்தார்கள். ஒரு கல்லின்மேல் வாயால் ஊதி, பனி கலைவதைப் பார்த்தார்கள். பிறகு ஒரு துண்டை வெயில் வரும் பக்கமும், இன்னொரு துண்டைப் பாறை நிழலிலும் வைத்தார்கள்.

"எது முதல்லே காணாமப் போகும்? சொல்லு."

"வெயில்ல இருக்கிறது."

"நான் நிழல்னு சொல்றேன்."

"நீ தோத்தா என்னைத் தூக்கிட்டு ஓடை வரைக்கும் போகணும்."

"பாதி தூரம்."

"ஓடை வரைக்கும். அப்புறம் திரும்பியும் தூக்கணும்."

கோமளம் குட்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள். பேசாமல் ஒத்துக்கொண்டாள்.

அப்போது நல்லமுத்து நரி, கடிபட்ட காதோடு வந்து நின்றான். அவன் கண்ணில் தூக்கக் கலக்கம்.

"கோமளம்மா, போனது போகட்டும். இன்னைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கு. நாலு சரக்கு தர்றேன், ஒரு காலை வந்தா போதும்."

கோமளம் திரும்பவில்லை.

"சரி, அரைக் காலை."

குட்டி கல்லின்மேல் இன்னொரு தடவை ஊதியது.

"ஒரே ஒரு பாம்பை விரட்டிக் கொடுங்க. சரக்கு பூரா எடுத்துக்கோங்க."

இதற்கு முன்னால் இப்படி ஒரு விலை அந்தக் காட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை. மேலே மரத்தில் சொர்ணத்துக்கே வாய் ஊறியது. கோமளமோ வெயில் பக்கம் இருந்த பனித்துண்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சத்தம் போடாம அந்தப் பக்கம் தள்ளி நில்லு நல்லமுத்து. வெயிலை மறைக்கிறே" என்றாள்.

நீதி: பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தை விற்று, பிள்ளைக்குப் பாடம் வாங்காதே.