மூன்று ராஜாக்களைக் கவிழ்த்து வைத்தவர்

ஒரே ஒரு ஊரிலே, ஆற்றுக்குப் பாலம் போடலாம் என்று யாருக்கும் தோன்றாத காலத்திலே, மாசிலாமணி என்று ஓர் ஓடக்காரர் இருந்தார்.

அந்த ஊரில் துறைகள் பல. நடுத்துறைதான் நல்ல துறை. அது யாருக்கு என்பதை ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும் ஓடக்காரர்கள் சீட்டாடித் தீர்த்துக்கொள்வார்கள். மாசிலாமணிக்கு வருஷா வருஷம் மிஞ்சியது சுழித்துறை. பெயரைக் கேட்டதுமே சனங்கள் வேறு ஓடம் பார்ப்பார்கள். இந்த வருஷமும் தோற்றால் ஓடத்தை விற்றுவிட்டு, நடுத்துறைச் சடையப்பரிடம் துடுப்புப் போடத்தான் போக வேண்டும்.

அதனால் அவர் செண்பகவல்லியிடம் போனார். படித்துறை மண்டபத்தில் உட்கார்ந்து சீட்டாட்டம் சொல்லிக் கொடுத்தவள் அவள். வயதில் மாசிலாமணியின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். ஆனாலும் மீசை நரைத்தவர்கள் எல்லாம் அவள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

"தாயி, எனக்குச் சீட்டு விழவே மாட்டேங்குது."

"விழுந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?"

"ஆடுவேன்."

"விழலைன்னா?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் ஆடுவேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணியும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். பந்தயத்துக்கு ஆளுக்கு ஒரு பிடி சோழி, கையில் ஆளுக்கு நாலு சீட்டு. பிடிக்கவில்லையென்றால் ஒரு சோழியைப் போட்டுவிட்டுக் கவிழ்த்து வைக்கலாம். ஆடுகிறவர்களுக்காகப் பலகையில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விரியும். கையிலிருந்து இரண்டு, பலகையிலிருந்து மூன்று என்று எடுத்துச் சேர்க்க வேண்டும். கையிலிருந்து எடுப்பது இரண்டேதான். மூன்றும் கூடாது, ஒன்றும் கூடாது. ஜோடியைவிட ஒரே மாதிரி மூன்று பெரிது. ஐந்தும் அடுத்தடுத்து வந்துவிட்டால் அதையும்விடப் பெரிது. கடைசிவரை சோழி வைத்திருப்பவருக்கு நடுத்துறை.

"எந்த நாலு வந்தா ஆடணும், எந்த நாலு வந்தா வைக்கணும்? அதை மட்டும் சொல்லு தாயி, போதும்."

"நாளைக்குக் காலையில உங்க ஓடத்துக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் செண்பகவல்லி. "அதுல ரெண்டு பேரை நான் காட்டுவேன். அவங்க துடுப்புப் போட்டு அக்கரை போய்த் திரும்பணும்."

மறுநாள் மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கூட வந்தவர்கள் பெரியதம்பியும் சின்னத்தம்பியும். அண்ணனும் தம்பியும் துடுப்பைத் தொட்டால் ஆறு வழிவிடும் என்று ஊரே சொல்லும். அவர்களுக்குப் பின்னால் பூக்காரர் பக்கிரி, வடை சுடுகிற கோபாலு.

"இவங்க எதுக்கு அண்ணே?"

"நாலு பேர் கேட்டியே தாயி. கணக்குக்குத்தான்."

செண்பகவல்லி பெரியதம்பியைக் காட்டினாள். அடுத்து பக்கிரியைக் காட்டினாள்.

"ஐயோ, அண்ணன் தம்பியை ஏத்தும்மா!" என்று மாசிலாமணி பதறினார்.

"ஏறுங்க" என்றாள்.

பெரியதம்பி ஒரு இழுப்பு இழுத்தான். பக்கிரி துடுப்பைத் தண்ணீரில் விடுவதற்குள் ஓடம் அரை வட்டம் திரும்பியது. அடுத்த இழுப்பில் முழு வட்டம்.

"பக்கிரி! மாலை கட்டுற மாதிரி சுத்தாதேப்பா!" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நான் எங்கய்யா சுத்துறேன்? இந்த ஆளுதான்யா சுத்துறாரு!"

நனைந்து போய்த் திரும்பினார்கள். மாசிலாமணிக்கு முகம் தொங்கிவிட்டது.

"அண்ணன் தம்பியைக் காட்டியிருந்தா போயிருக்கும் தாயி."

"காட்டியிருந்தா" என்றாள் அவள். எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அவர் துறை துறையாக நடந்தார். அடுத்த நாள் வேறு நாலு பேரோடு வந்தார். நாலு பேரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். சின்ன வயதிலிருந்து ஒரே ஓடத்தில் மாறி மாறித் துடுப்புப் போட்டவர்கள்.

செண்பகவல்லி இரண்டு பேரைக் காட்டினாள். போனார்கள், வந்தார்கள். ஆளை மாற்றிக் காட்டினாள். போனார்கள், வந்தார்கள். எப்படி மாற்றினாலும் ஓடம் நூல் பிடித்த மாதிரி போனது.

"பெரிய பேரெல்லாம் கிடையாது தாயி இவங்களுக்கு" என்றார் மாசிலாமணி, கொஞ்சம் கூச்சத்தோடு.

"இந்த ஆறு யாரோட பேரையும் கேக்கலையே அண்ணே."

ஆடிப்பெருக்கு வந்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. கலந்த சாதத்தோடு பெண்கள் படித்துறையில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் பலகை போட்டாயிற்று. செண்பகவல்லி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள்.

மாசிலாமணி வாங்குகிற கையையெல்லாம் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். எப்போதாவது ஒன்று ஆடினார், அதில் ஜெயித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சோழி தீர்ந்து எழுந்து போனார்கள். மிஞ்சியவர்கள் மாசிலாமணியும் சடையப்பரும்.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. ராஜா, ராஜா, ராஜா, ஒரு நாலு.

பழைய மாசிலாமணியாக இருந்தால் இதற்குள் மீசையை முறுக்கியிருப்பார். இப்போது ஒவ்வொரு சீட்டையும் மற்றதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுக்கப் போவது இரண்டு ராஜா. மூன்றாவது ராஜா பலகையில் விழுந்தால் அல்லவா உதவி? அவரைத்தான் தன் கையிலேயே பூட்டி வைத்திருக்கிறாரே. அந்த நாலோ, யாரோடும் சேராமல் ஒரு ஓரத்தில் நிற்கிறது.

ஒரு சோழியைப் போட்டுவிட்டுக் கவிழ்த்தார். சடையப்பர் எட்டிக் கவிழ்த்ததைத் திருப்பினார்.

"அடேய்! மூணு ராஜாவை வச்சிட்டான்யா மனுஷன்!"

மண்டபமே சிரித்தது. போதாதென்று சடையப்பர் பலகையையும் விரித்துக் காட்டினார். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டு. சடையப்பர் கையில் இருந்தது வெறும் ராணி ஜோடி. ராஜா ஜோடியே போதுமாயிருந்திருக்கும்.

"மாசிலாமணி, என் ஓடத்துல உனக்கு எந்தத் துடுப்பு வேணும்? இடமா, வலமா? இப்பவே சொல்லிடு!"

மாசிலாமணி தூணைப் பார்த்தார். செண்பகவல்லி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கை. எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. எதை எதோடு வைத்தாலும் ஒன்றையொன்று தெரிந்த முகமாக இருந்தது.

"ஆடுறேன்" என்றார். கையிலிருந்த சோழி அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

சடையப்பரும் எல்லாவற்றையும் தள்ளினார். அவரிடம் இரண்டு ராஜா இருந்தன. பலகையில் முதலில் விழுந்ததும் ஒரு ராஜா.

"மூணாச்சு!" என்று தொடையைத் தட்டினார்.

அடுத்து ராணி. அதற்கடுத்து ஜாக்கி. மற்ற இரண்டும் ஒன்றுக்கும் உதவாதவை. மாசிலாமணி தன் ஒன்பதையும் பத்தையும் எடுத்து அவற்றின் பக்கத்தில் மெதுவாக அடுக்கினார். ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.

சடையப்பர் குனிந்து பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சுழித்துறையில மீனாவது கிடைக்குமாய்யா?" என்று கேட்டார்.

"நிறையக் கிடைக்கும்" என்றார் மாசிலாமணி, உண்மையாகவே.

சாதம் தீர்ந்தது. வெயில் சாய்ந்தது. கூட்டம் கலைந்து போனது. நடுத்துறையில் தன் ஓடத்தைக் கட்டிவிட்டு வந்த மாசிலாமணி, கிளம்பிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் முன்னால் வந்து நின்றார்.

"ஜெயிச்சாச்சு தாயி. மனசு நிறைஞ்சிருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்துது."

"சொல்லுங்க அண்ணே."

"அந்த மூணு ராஜா. வைக்காம இருந்திருந்தா அப்பவே ஜெயிச்சிருப்பேனே. அப்ப அது நல்ல கைதானே?"

செண்பகவல்லி சீட்டுக்கட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடியில ஓட்டை விழுந்த ஓடம் ஒண்ணு, நேத்து எப்படியோ அக்கரை போய்ச் சேர்ந்துருச்சுன்னு வைங்க. நாளைக்கு உங்க மகளை அதுல ஏத்துவீங்களா?"



அவள் படியேறிப் போனாள்.