மட்டைக்குத் தப்பிய பந்துகள்

பந்துவீச்சுப் பயிற்சியாளர் குலேந்திரன் மாஸ்டருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சீடனோ அவரைவிட இரண்டு வயது மூத்தவன்; ஒரு முழம் உயரமானவன். பெயர் பிரணவன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணிக்குப் பல வருடங்களாக வேகப்பந்து வீசுகிறான்.

அவ்வளவு உயரத்திலிருந்து வரும் பந்தைத் தொடக்கூட முடியாமல் எதிரணிக்காரர்கள் முழிப்பார்கள். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். விக்கெட் மட்டும் விழாது. இந்தப் பருவமும் இப்படியே போனால் அடுத்த வருடம் அணியில் இடமில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அன்று பயிற்சி வலைக்குள் நுழைந்ததும் பிரணவன் தொப்பியைக் கழற்றி எறிந்தான்.

“என்ரை ராசி அப்பிடி, மாஸ்டர்! நேற்று முழுக்கப் பந்து மட்டைக்குத் தப்பித் தப்பியே போச்சுது. ஏன் எனக்கு மட்டும் விக்கெட் விழுகுதில்லை?”

“பந்தை மட்டை பிடிக்கிறவனுக்குக் கிட்டக் குத்துங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், அண்ணை?”

“கிட்டக் குத்தினால் நேரை நாலுக்கு அடிப்பாங்கள். ராசியில்லாதவனுக்கு அதுவும் வேணுமே?”

மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டார். வலையில் மட்டை பிடித்துக்கொண்டிருந்தவரைத் தேநீர் குடிக்க அனுப்பினார். மாஸ்டரும் ஒரு காலத்தில் விக்கெட் காப்பாளராக ஆடியவர். கையுறைகளை மாட்டிக்கொண்டு ஸ்டம்புகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“மட்டை பிடிக்க ஆளில்லையே?”

“பரவாயில்லை. மாட்சிலை போடுற மாதிரியே போடுங்கோ.”

பிரணவன் எரிச்சலோடு ஓடிவந்து வீசினான். பந்து தூரத்திலேயே குத்தி எழும்பி, மாஸ்டரின் நெஞ்சுக்கு நேராக வந்தது. அடுத்ததும் அப்படியே. ஓவர் முடியும்வரை அத்தனையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்த பந்துகள். ஒவ்வொன்றையும் மாஸ்டர் பிடித்துத் திருப்பி எறிந்தார்.

பிரணவன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான்.

“பாத்தனீங்களே, மாஸ்டர்? இதிலை ஒண்டையாவது எவனாலையும் தொட்டிருக்க ஏலுமே?”

“ஏலாது, அண்ணை.”

“பிறகென்ன! விக்கெட் விழாததுக்கு ராசியைத் தவிர வேறை என்ன காரணம்?”

மாஸ்டர் கையுறைகளைக் கழற்றினார். அவருக்கு முன்னால் மூன்று ஸ்டம்புகளும் வைத்தது வைத்தபடி நின்றன.

“இண்டைக்கு மட்டையே இல்லை, அண்ணை. உந்த ஸ்டம்பை ஆர் காப்பாத்தினது?”