சுந்தரி அம்மையாரின் மௌனம்

மலையடிவாரத்தில் சுந்தரி அம்மையாரின் குடில் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். அம்மையார் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. அவர் பாதியில் நிறுத்தினாலும் அடுத்த சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு அவர் அடிக்கடி நிறுத்தினார்.

ஒரு காலை, மழையில் நடந்துபோகிற ஒருவனைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், "அவன் கையில..." என்று நின்றுவிட்டார். கூடத்தில் இருந்த முப்பது சீடர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இருபது நிமிடம் கழித்து அம்மையார் எழுந்து உள்ளே போனார்.

மூத்த சீடர் கோமதிநாயகம் நோட்டில் எழுதினார்: 'அவன் கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவனே நனைவதில்லை.' அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கோடிட்ட இடத்தை நிரப்புவது அவருக்குக் கைவந்த கலை.

மௌனம் நீள நீளப் புகழும் பரவியது. சனிக்கிழமைகளில் வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். அம்மையார் சீடர்களின் பெயர்களை மறந்தார்; பெயர் கடந்த நிலை என்றார்கள். சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டார். உடம்பு கடந்த நிலை என்றார்கள். எதற்கும் ஒரு நிலை கைவசம் வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சண்முகவடிவு வந்து சேர்ந்தார். வயது அறுபத்தொன்று, அம்மையாரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு மன அமைதி தேடி வந்தவர், முதல் நாளே இருந்த அமைதியையும் இழந்தார். அம்மையாரின் காலில் விழுந்தவர் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகக் கோமதிநாயகத்திடம் போனார்.

"சார், அம்மாவுக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்தியளா?"

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா."

"கால் வீங்கி ஜில்லுனு இருக்கு. புருவத்துல பாதி முடியக் காணோம். கொரல் கரகரங்குது. நாம கேட்டது அவங்களுக்குப் போய்ச் சேரவே நேரமாகுது."

"அது மௌனம்."

"மௌனமா இருக்கவங்க கண்ணு அப்படித் தவிக்காது சார். பாவம், அவங்க எதையோ தேடுதாங்க."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. குருவை நோயாளி என்று சொல்பவருக்கு இங்கே இடமில்லை, நாளைக்கு மத்தியானப் பஸ்ஸில் கிளம்பிவிடலாம் என்றார்.

மறுநாள் காலை அம்மையார் பேச ஆரம்பித்தார். நாலாவது வாக்கியத்தில் சொல் நின்றது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். வடிவு மூடவில்லை.

"அம்மா, சொல்லு மறந்து போச்சா?"

கூடம் அதிர்ந்தது. அப்படி ஒரு குறுக்கீடு அங்கே நடந்ததே இல்லை. கோமதிநாயகம் பாதி எழுந்துவிட்டார்.

அம்மையாரின் கண்ணில் நீர் முட்டியது.

"ஆமாக்கா," என்றார். பிறகு மெல்ல, சொல் சொல்லாக, "எட்டு மாசமா... யாரும் கேக்கல."

அன்று மத்தியானப் பஸ்ஸில் வடிவும் போனார், அம்மையாரும் போனார். டவுனில் ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி சோர்ந்துவிட்டது, அதன் சுரப்பு குறைந்தால் உடம்போடு சேர்ந்து நினைவும் பேச்சும் மந்தமாகும் என்றார் டாக்டர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் காபி கூடாது. காபிப் பிரியையான அம்மையாருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தவமாக இருந்தது.

வாரங்கள் போகப் போகச் சொற்கள் திரும்பின. ஒருநாள் குடிலின் அடுக்களையில் வடிவோடு நின்றபடி, "குடை! அவன் கையில குடை!" என்று கத்தினார். வடிவு கரண்டியைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சனிக்கிழமை வேன்கள் குறைந்தன. மிச்சமிருந்தவர்களிடம் அம்மையார் ஒளிவுமறைவில்லாமல் நடந்ததைச் சொன்னார். அன்று மாலை கோமதிநாயகம் நோட்டோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"நாப்பது பக்கம் எழுதியிருக்கேம்மா. அந்த மௌனத்துல என்னதான் இருந்துச்சு?"

"பயம் சார். எல்லாமே போயிருமோன்னு பயம். சொல்லலாம்னு வாயத் திறப்பேன். அதுக்குள்ள நீங்க பேனாவத் திறந்துருவிய."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். நோட்டை மூடினார். அவர் கும்பிட்டது பொய்யாகிப் போயிருந்தது. இனி எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. அந்த வேதனையில் கேட்டுவிட்டார்.

"அப்ப, இப்பப் பேசுதது யாரும்மா? நீங்களா, அந்த மாத்திரையா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையான கேள்வி என்று அவருக்கு உறைத்தது. காபி கொண்டுவந்த வடிவு அப்படியே நின்றார்.

அம்மையாருக்குக் கோபம் வரவில்லை. வடிவின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கோமதிநாயகத்திடம் நீட்டினார்.

"இருபது வருசம் வாய் ஓயாமப் பேசியிருக்கேன். அப்பல்லாம் இந்தக் கேள்வியே எனக்கு வரல, நான்தான் பேசுதேன்னு இருந்துட்டேன். இப்ப தெனமும் காலைல மாத்திரையக் கையில வச்சிக்கிட்டு நானும் அதத்தான் கேக்கேன் சார். பதில் தெரியல. அதனால முழுங்குததுக்கு முந்தி ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்."